அண்ணா சொன்ன முயலும் யூடியூப் முயலும்

ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தவர். வந்த புதிதில் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. பின்னேரங்களில் வீட்டுச் சொந்தக்காரரின் கூடத்தில் இருந்து, அரச டிவியான ரூபவாஹினியில் முயல் கார்ட்டூன் பார்ப்பாராம். பக்கத்தில் அண்ணா இருந்து, முயல் என்ன சொல்கிறது என்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவாராம். போன மாதம் தன் மகளுக்குக் காட்ட ஆசைப்பட்டு, அதே கார்ட்டூனை யூடியூப்பில் ஆங்கிலத்தில் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார். படம் துல்லியமாக இருந்தது, நிறமும் பளிச்சென்று இருந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் மனம் விட்டுப்போயிற்று. "இதற்காகவா இவ்வளவு காலம் ஏங்கினேன்? அது உண்மையிலேயே நல்லதா, இல்லை சின்ன வயது என்பதால் நல்லதாகத் தெரிந்ததா?" என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் ஏங்கியது வீண் போகவில்லை. நீங்கள் தேடி எடுத்ததில் உங்கள் முயல் இல்லை, அவ்வளவுதான். ஏன் இல்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் இதுவேதான் நடந்திருக்கிறது.

நான் 1972இல் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். 83 இனக்கலவரத்துக்குப் பிறகு வெள்ளவத்தை. அப்பா 1986இலிருந்து பதினேழு வருடம் வீடியோ கசற் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் கடையில்தான் இருப்பேன். இப்போது அந்தத் தொழிலின் மறுமுனையில் இருக்கிறேன். அலுமாரிக்கு மேலே வருடக்கணக்காகக் கிடந்த கசற்றுகளைக் கொண்டுவருகிறார்கள், நான் டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஆட்கள் தங்கள் பழைய படத்தை மறுபடி பார்க்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் உங்களைப் போலவே ஏமாந்த முகத்தோடு போவார்கள்.

சரி, முதலில் அந்த முயலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அது பக்ஸ் பனி. 1940இல் முழு உருவம் பெற்ற பாத்திரம். அந்தக் கார்ட்டூன்கள் டிவிக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. தியேட்டரில் பெரிய படம் தொடங்குவதற்கு முன் போடுவதற்காக ஏழு எட்டு நிமிட அளவில் செய்தார்கள். மெல் பிளாங்க் என்ற ஒரே மனிதர் தொடக்கத்திலிருந்து 1989இல் இறக்கும் வரை அந்த முயலுக்குக் குரல் கொடுத்தார். நீங்கள் யூடியூப்பில் கேட்டது அவருடைய குரலைத்தான். சின்ன வயதில் நீங்கள் அவரைக் கேட்டதே இல்லை.

நீங்கள் கேட்டது டைட்டஸ் தொட்டவத்த உருவாக்கிய சிங்களக் குரலை. அவர் சாதாரண ஆள் இல்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் எடுத்த 'ரேகாவ' என்ற சிங்களப் படத்தின் படத்தொகுப்பாளர், தானே படங்களையும் இயக்கியவர். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று ஜப்பானின் உதவியோடு தொடங்கிய பிறகு, அங்கே வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் பிரிவை நடத்தினார். சொல்லுக்குச் சொல் மாற்றுவது அவருக்குப் பிடிக்காது. அந்த முயல் கொழும்பிலோ குருநாகலிலோ பிறந்திருந்தால் எப்படிப் பேசுமோ அப்படிப் பேச வைத்தார். அதனால்தான் அது 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. ஹாவா என்றால் முயல். இந்த நாட்டில் ஒரு முழுத் தலைமுறைக்கு அது அமெரிக்க முயல் என்ற நினைப்பே வரவில்லை.

உங்களிடம் வந்தபோது அதன்மேல் இன்னும் ஒரு அடுக்கு சேர்ந்தது. அண்ணா. உங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: "அண்ணாவுக்கும் அப்போது சிங்களம் சரியாகத் தெரியாது என்று பிறகுதான் விளங்கியது." நான் அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். அப்படியானால் முயல் சொன்னதாக நீங்கள் கேட்டதில் பாதியை அண்ணா தானே இட்டுக்கட்டியிருக்கிறார். ஊர் விட்டு வந்து, பாஷை தெரியாத ஊரில், தம்பி சலித்துப்போகக் கூடாதென்று ஒரு பத்து வயதுப் பையன் தினமும் அரை மணி நேரம் கதை கட்டியிருக்கிறான். யூடியூப்பில் அது எப்படி இருக்கும்?

நான் சொல்ல வருவது இதுதான். கொழும்பில் எங்களுக்குப் படமும் நாடகமும் எப்போதும் முழுதாக வந்ததில்லை. ஒலி வந்தால் படம் வராது, படம் வந்தால் எங்கள் பாஷையில் வராது, பாஷையும் சேர்ந்து வந்தால் கரண்ட் போய்விடும். வராத பாதியை நாங்களே போட்டுக்கொண்டோம். இப்போது முழுப் படம் கையில் கிடைக்கும்போது, நாங்கள் போட்ட பாதிக்கு அதில் இடம் இல்லை.

எனக்கு முந்திய தலைமுறையிலிருந்தே இது இப்படித்தான். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு படங்களை இறக்குமதி செய்வதும் விநியோகிப்பதும் அதன் கைக்குப் போயின. உள்ளூர்ச் சினிமாவைக் காப்பாற்றுவது நோக்கம். அது நியாயமான நோக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் தமிழ் ரசிகனுக்கு அதன் விளைவு, சென்னையில் ஓடி முடிந்த படம் மாதங்கள் கழித்து, சில வேளை வருடங்கள் கழித்துத்தான் கொழும்புக்கு வந்தது. பாட்டுகள் அப்படிக் காத்திருக்கவில்லை. இலங்கை வானொலி அவற்றை உடனே கொண்டுவந்துவிடும். ஆகவே படம் செல்லமஹால் தியேட்டருக்கு வந்து சேர்வதற்குள், ஒவ்வொரு பாட்டுக்கும் எங்கள் அம்மாமார் தங்கள் மனதில் ஒரு காட்சி எடுத்து முடித்திருப்பார்கள். எந்த மரம், எந்த நிறச் சேலை, கதாநாயகன் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பான் என்பது வரைக்கும். என் சின்னம்மா ஒருவர் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து, "பாட்டை வேறு மாதிரி எடுத்துக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று அழாத குறையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர் மனதில் இரண்டு வருடம் ஓடிய காட்சி அன்றைக்குத் தோற்றுப்போயிற்று. உங்களுக்குப் போன மாதம் நடந்தது சின்னம்மாவுக்கு அன்றே நடந்துவிட்டது.

இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் 'திரை விருந்து' கேட்டு வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படத்தைப் பற்றி அவர் பேசும் வேகமும் குரல் ஏற்ற இறக்கமும்தான் அவர்களுக்கு அந்தப் படம். படத்தையே பார்க்காதவர்கள் கூட அவர் சொன்னபடி கதையைச் சொல்லுவார்கள். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' வேறு வகை. அதில் பாட்டின் முதல் இரண்டு வரிதான் வரும், மீதியை வானொலிக்குப் பக்கத்தில் இருந்து வீடே பாடி முடிக்கும்.

வானொலி பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'கோமாளிகளின் கும்மாளம்' என்று ஒரு தொடர் நாடகம். அதில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரமாக வந்தவர் ராமதாஸ். உபாலி என்று, சிங்கள வாடையோடு தமிழ் பேசியவர் செல்வசேகரன். அப்புக்குட்டியாக ராஜகோபால். ஐயராக வந்தவர் அப்துல் ஹமீத். எவர் எவராக நடித்தார் என்று பாருங்கள்! ஒரு கொழும்பு ஒழுங்கையில் என்னென்ன தமிழ் கேட்குமோ அத்தனையும் அந்த நாடகத்தில் கேட்டது. 1976இல் அதைக் 'கோமாளிகள்' என்று படமாகவும் எடுத்தார்கள். அப்பா அதைத் தியேட்டரில் பார்த்தவர். படம் நல்ல படம்தான் என்பார், ஆனால் மரிக்காரின் முகம் தான் நினைத்து வைத்திருந்த முகம் இல்லை என்பார். காதால் பார்த்து வைத்த முகத்தைக் கண் ஒத்துக்கொள்வதில்லை.

83 பற்றி நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ இருந்தது. அவர் தமிழர், ஆனால் சிங்களப் படங்களைத்தான் அதிகம் தயாரித்தவர். அந்த ஜூலையில் ஸ்டூடியோ எரிந்தபோது உள்ளே இருந்த நெகடிவ்களும் எரிந்தன. அவற்றோடு போனவை சிங்களப் பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்களும்தான். கொழும்பில் பழைய படங்களைப் பற்றி ஏங்கிப் பேசும் எந்த இனத்து ஆளும் ஏதோ ஒரு இடத்தில் வந்து மௌனமாகிவிடுவது அதனால்தான்.

பிறகு டிவிக்கு வருவோம். ரூபவாஹினியில் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் குறைவு. மீதி நேரம் முழுக்க நாங்கள் சிங்களத்தில் பார்த்தோம். அதில் எனக்கு மறக்கவே முடியாதது 'மல்குடி தவச'. ஆர். கே. நாராயண் சென்னையில் பிறந்த தமிழர், ஆங்கிலத்தில் எழுதினார். அவர் கற்பனை செய்த தென்னிந்திய ஊர் மல்குடி. அதைத் தூரதர்ஷனுக்காகக் கன்னடரான சங்கர் நாக், கர்நாடகத்தில் ஆகும்பே என்ற மழை ஊரில் வைத்து, ஹிந்தியில் எடுத்தார். தொட்டவத்த அதைச் சிங்களமாக்கினார். கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டில் நானும் தங்கையும் அதைப் பார்த்தோம். ஒரு தமிழரின் கதை எங்களிடம் வந்து சேர இத்தனை பாஷை கடந்து வர வேண்டியிருந்தது. திண்ணையும் வேட்டியும் பள்ளிக்கூடத்துப் பிரம்பும் எங்களுடையவை என்று பார்த்ததுமே தெரியும், வாயசைவும் சிங்களமும் எங்களுடையவை இல்லை. அதில் வரும் சுவாமிநாதன் என்ற பையனுக்குத் தங்கை தானே தமிழில் குரல் கொடுப்பாள். பல வருடம் கழித்து நான் அந்தக் கதைகளைப் புத்தகமாக வாசித்தபோது, சுவாமிநாதன் என் காதில் தங்கையின் குரலில்தான் பேசினான். இப்போதும் அப்படித்தான்.

'ஓஷின்' பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஜப்பானில் 1983, 84இல் தினமும் காலை பதினைந்து நிமிடமாக 297 பாகம் ஓடிய தொடர் அது. ஏழு வயதுப் பெண் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்காகப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுப்புகிறார்கள். பனிக்கால ஆற்றில் தெப்பத்தில் ஏறி அவள் வீட்டை விட்டுப் போகும் காட்சி ஒன்று வரும். சிங்களத்தில் அது ஓடிய காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் டிவிச் சத்தம் ஒன்றாகவே கேட்கும்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் மலையகத்தில் ஹட்டன் பக்கமிருந்து வந்து வேலைக்கு நின்ற ஒரு பிள்ளை இருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். எல்லோரும் கதிரையில் இருக்க, அவள் குசினி வாசற்படியில் இருந்துதான் பார்ப்பாள். அந்த ஆற்றுக் காட்சி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அவள் எழுந்து உள்ளே போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டாள். கூடத்தில் பெரியவர்கள் ஓஷினுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பைப் திறந்திருந்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பதினைந்து வயது. விளங்கியது, ஆனால் எழுந்து உள்ளே போய் அவளோடு நிற்கவில்லை. நான் இப்போது 'ஓஷின்' என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஜப்பான் இல்லை, அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான். ஒரே தொடரைப் பற்றி ஏங்குகிறோம் என்று நாம் நினைப்போம். அதே கூடத்தில் இருந்து பார்த்தவர்களுக்குக் கூட அது ஒரே தொடர் இல்லை.

வீடியோ கசற்றுக்கு வருகிறேன், இது என் தொழில். அப்பாவின் கடைக்குப் படங்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து வரும். வந்த கசற்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று பிரதி எடுப்பார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் படம் மங்கும், நிறம் வழியும், முகத்தைச் சுற்றி ஒரு நிழல் விழும். வாடிக்கையாளர் கையில் கிடைப்பது மூன்றாம் நான்காம் பிரதி. அழுகிற காட்சியில் கண்ணீர் தெரியாது, குரல் உடைவதுதான் கேட்கும். இரவில் நடக்கும் சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனடாவிலிருந்து கல்யாண வீடியோ வந்தால் இன்னொரு தொல்லை. அங்கே டிவிப் படத்துக்கு என்டிஎஸ்சி (NTSC) என்ற முறை, இங்கே PAL என்ற முறை, இரண்டும் ஒத்துவராது. எங்கள் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே இருக்கும். பெண்ணின் அம்மா அதையும் முழுதாக இருந்து பார்ப்பார்.

1996இல் மழை பொய்த்தது. அன்றைக்கு நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு நீர்மின்சாரம். நீர்த்தேக்கங்கள் வற்றியதும் மணிக்கணக்கில் மின்வெட்டு. படம் பாதியில் நிற்கும், சில வேளை கசற் டெக்கின் வயிற்றுக்குள் மாட்டிக்கொள்ளும், காலையில் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். ஆட்கள் கடைக்கு வந்து அப்பாவிடம், "அண்ணை, முடிவு என்ன?" என்று கேட்பார்கள். அப்பா வேலையை நிறுத்திவிட்டு நின்று சொல்லுவார். கைகளால் துப்பாக்கி பிடிப்பார், குரலை மாற்றுவார். கடையில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் லண்டனிலிருந்து ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் கடைக்கு எதிரே குடியிருந்தவர். ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, அதன் கடைசிக் காட்சி எங்குமே கிடைக்கவில்லை, இப்போது இணையத்தில் இருக்கும் பிரதியில் வெட்டிவிட்டார்கள், உங்களிடம் பழைய கசற் இருந்தால் தாருங்கள் என்றார். என்ன காட்சி என்று கேட்டேன். தகப்பன் ரயில் மேடையில் நின்று மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், மகன் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்துவான் என்றார். எனக்கு அந்தப் படம் தெரியும். அதில் ரயிலே கிடையாது. நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்பா எப்போதும் கதை சொல்லும்போது இரண்டு படத்தைக் கலந்துவிடுவார். கையை உயர்த்துவது அப்பாவின் கை. அதை அவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் கடை வாசலில் போய், முன்பு கவுண்டர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்கு மனநூல் அறிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் இருந்த பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் எழுதிய நூலில் நினைவு பற்றி ஒரு பெரிய உண்மையைக் காட்டினார். பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையை ஆட்களுக்கு வாசிக்கக் கொடுத்து, நாள் கழித்துத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொருவரும் தங்களுக்கு விளங்காத இடங்களைத் தங்கள் ஊர் வழக்கப்படி மாற்றிச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவு என்பது அலுமாரியில் வைத்ததை எடுப்பது போல் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது. லண்டன்காரர் செய்ததும் நீங்கள் செய்ததும் அதுதான்.

ஏக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1688இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதை ஒரு நோய் என்றே எழுதினார். வெளிநாட்டில் இருந்த சுவிஸ்காரர் ஊர் நினைவால் சோர்ந்து படுப்பதைப் பார்த்து, ஊர் திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து நொஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தவர் அவர்தான். இன்றைய ஆய்வுகள் அதை நோயாகப் பார்க்கவில்லை. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டிம் வைல்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் எழுதிய ஏக்க நினைவுகளில் அநேகமாகத் தாங்களும் தங்களுக்கு நெருக்கமானவர்களும் இருந்தார்கள் என்று கண்டார்கள். தனிமைதான் அதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. அந்த நினைவு வந்ததும் நம்மோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு கூடுகிறது. எனக்கு இது படித்ததும் நம்பத் தோன்றியது. கடைக்கு வருகிற எவரும் படத்தின் ஒளிப்பதிவைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. யார் வீட்டில் பார்த்தோம், யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சாப்பிட்டோம் என்றுதான் தொடங்குவார்கள்.

1998இல் சக்தி டிவி வந்தது. தமிழுக்கென்றே ஒரு அலைவரிசை, சென்னைத் தொடர்களும் நம் வீட்டுக்கே வந்தன. அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு முதல் முறையாக யாரும் பக்கத்தில் இருந்து விளக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அந்தக் காலத்தில் பிறந்த என் மருமகளிடம் கேட்டேன், அவளுக்கும் ஏக்கம் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. அவள் தேடுவது அந்தத் தொடரின் தொடக்கப் பாட்டையும் அது ஓடும் நேரத்தில் வீட்டில் எழும் குழம்பு வாசனையையும். கிடைத்தால் சந்தோஷப்படுகிறாள், உங்களைப் போல் ஏமாறுவதில்லை. அவளுக்கு வந்தது முழுதாக வந்தது, அதனால் இப்போதும் முழுதாகக் கிடைக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அந்தக் கார்ட்டூன் நல்லதா என்றால், ஆம், நன்றாகச் செய்யப்பட்டது, உங்கள் மகள் வளர்ந்து தானாகவே அதை ரசிக்கலாம். சிங்களத்தில் தொட்டவத்த செய்தது அதைவிடப் பெரிய காரியம் என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் தேடுவது இந்த இரண்டையும் இல்லை.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பழையதை மறுபடி போட்டுப் பார்க்கும் முன், உங்களுக்கு நினைவிருப்பதை எழுதி வையுங்கள், அல்லது போனில் பேசிப் பதிந்து வையுங்கள். படத்தைப் பார்த்துவிட்டால் புதிய பிரதி பழைய நினைவின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், கேட்பவர்கள் குறைவு.

வீட்டில் கசற் இருந்தால் உடனே டெக்கில் போடாதீர்கள். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பின் ஈரக் காற்றுக்கும் கடற்காற்றுக்கும் அது சீக்கிரம் பிடிக்கும். பூஞ்சணத்தோடு ஓட்டினால் நாடாவும் போகும், டெக்கின் ஹெட்டும் போகும், அடுத்துப் போடுகிற கசற்றுக்கும் தொற்றும். கசற்றின் முதுகில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அது உடைக்காமல் இருந்தால் உடைத்து விடுங்கள், தவறிப் பதிந்து அழிந்துபோகாது. காலமும் அதிகமில்லை. வீடியோ டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனம் என்று சொல்லப்பட்ட ஃபுனாய் 2016இலேயே நிறுத்திவிட்டது. நான் பழைய டெக் மூன்றைக் கழற்றி ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஓடியோ கசற்றுகளைக் கட்டாயம் வைத்திருங்கள். டிவிக்கோ வானொலிக்கோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பாட்டுப் பதிந்திருப்பீர்கள் அல்லவா? ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து, பின்னால் கேட்கும் இரைச்சலை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் சுத்தமாகத் தாருங்கள் என்றார். நான் முழுதாகக் கேட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். மூன்றாவது பாட்டுக்கு நடுவில் ஒரு பெண் குரல், "டேய், பால் பொங்குது, அடுப்பைக் கொஞ்சம் பார்" என்கிறது. அவருடைய அம்மா, இப்போது இல்லை. பாட்டு எங்கேயும் கிடைக்கும். அவர் எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்களிடம் இருப்பது மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றினால், 2005இலிருந்து நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழரின் எழுத்தை எண்ணிமமாக்கி வருகிறது, ஒலியும் படமும் சேர்ப்பதற்கு ஆவணகம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். பழைய வானொலிப் பதிவு, தியேட்டர் நோட்டீஸ், டிக்கெட் துண்டு எதுவானாலும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல், அண்ணாவுக்கு எடுங்கள். நோர்வேயில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். யூடியூப்பில் அந்தக் கார்ட்டூனைச் சத்தத்தை முழுதாகக் குறைத்துப் போடுங்கள், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனை ஸ்பீக்கரில் போட்டு, முயல் என்ன சொல்கிறது என்று அண்ணாவிடம் கேளுங்கள். முதலில் கூச்சப்படுவார், மறந்துபோயிற்று என்பார். கொஞ்சம் பொறுத்திருங்கள். கோடை காலத்தில் அங்கே நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால், இங்கே இரவு ஒன்பது மணிக்கு எடுத்தால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார். பேசத் தொடங்குவதற்கு முன் பதிவு பொத்தானை அழுத்தி வையுங்கள்.